சொல் தெரிந்தால் போதுமா?

(நம் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு பேச்சுத்தமிழ் வகுப்பின் தொடக்க நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர இயலாதவர்கள் கேட்டதற்கிணங்க இதழில் இடம்பெறுகிறது.)



நான் மொழி ஆசிரியன் இல்லை. படித்தது பி.காம். வேலை வங்கிக் கவுண்டரில். ஓய்வுக்குப் பிறகு, மொழியியல் படித்த என் மகள் வீட்டில் விட்டுப்போன புத்தகங்களைப் புரட்டியதில் ஓர் ஆர்வம் வந்தது. "அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார் செயலாளர். பத்து நிமிஷம் என்றால் இருபது நிமிஷம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைய பேச்சின் பொருளே அதுதான். சொன்ன சொல் ஒன்று, அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் வேறொன்று.

வங்கியில் தினமும் ஒருவர் கவுண்டருக்கு வந்து, "சார், பேனா இருக்கா?" என்பார். "இருக்கு" என்று சொல்லிவிட்டு நான் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் மேனேஜரிடம் புகார் போயிருக்கும். அவர் என் கையிருப்பை விசாரிக்கவில்லை, பேனாவைக் கேட்டார். இதை எனக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரவில்லை. நம் தாய்மொழியில் இதெல்லாம் தானாக வந்துவிடுகிறது. வேறு மொழியைப் பெரியவர்களான பிறகு கற்கும்போது தானாக வருவதில்லை. அங்கேதான் சிக்கல்.

ஒரு செக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொகை, பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் சரி. இடது மூலையில் இரண்டு கோடு போட்டுவிட்டால் கவுண்டரில் பணம் தர முடியாது, கணக்கில்தான் வரவு வைக்க வேண்டும். தொகை ஒரு பைசா மாறவில்லை. அதை எப்படிக் கையாள வேண்டும் என்பது மாறிவிட்டது. பேச்சிலும் அப்படித்தான். சொல்லும் இலக்கணமும் செக்கில் எழுதிய தொகை போல. யாரிடம், எந்த இடத்தில், எந்தக் குரலில், எந்த விகுதியோடு சொல்கிறோம் என்பது அந்த இரண்டு கோடு.

மொழியியலார் இந்தத் துறையை பிராக்மாடிக்ஸ் என்கிறார்கள். தமிழில் பயன்வழியியல் என்று சொல்வதுண்டு. 1965-ல் நோம் சாம்ஸ்கி மொழி அறிவு என்பதை இலக்கண அறிவாக வைத்து ஒரு முக்கியமான நூல் எழுதினார். டெல் ஹைம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர், அது மட்டும் போதாது என்றார். எப்போது பேச வேண்டும், எப்போது பேசக்கூடாது, யாரிடம், எங்கே, எந்த விதமாகப் பேச வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றால்தான் ஒருவருக்கு மொழி தெரியும் என்பது அவர் வாதம். 1966-ல் ஒரு கருத்தரங்கில் பேசி, 1972-ல் அச்சான அவருடைய கட்டுரையிலிருந்துதான் 'தொடர்பாடல் திறன்' என்ற எண்ணம் மொழி வகுப்புகளுக்குப் பரவியது.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். ஒரு பொருளைக் கேட்பதற்கு ஈ, தா, கொடு என மூன்று சொற்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்டால் ஈ, சமமானவர் கேட்டால் தா, உயர்ந்த நிலையில் இருப்பவர் கேட்டால் கொடு. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான், கேட்பவர் யார் என்பதுதான் வேறு. ஒரே ஆளைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த மரியாதை, இலக்கண வழி வந்ததல்ல என்றும் தொல்காப்பியம் பிரித்தே சொல்லிவிடுகிறது. திருக்குறளில் 'அவை அறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது.

இப்போது ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன். இதற்காகத்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

1970-களில் பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றில் ஊழியர் கேன்டீன். அங்கே பரிமாறும் வேலைக்கு இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் மேல் அதிருப்தி. மேற்பார்வையாளர்களும், சாப்பிட வரும் சரக்குப் பிரிவுத் தொழிலாளர்களும், "இவர்கள் சிடுசிடுவென்று இருக்கிறார்கள், ஒத்துழைப்பதில்லை" என்று நினைத்தார்கள். அந்தப் பெண்களுக்கோ, "நம் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி ஒதுக்குகிறார்கள்" என்ற மனத்தாங்கல். ஜான் கம்பர்ஸ் என்ற ஆய்வாளரிடம் இது வந்தது. அவர் கலிபோர்னியாவில் பேராசிரியர். வட இந்தியக் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தவர். கேன்டீனில் நடக்கும் பேச்சை அவர் டேப்பில் பதிவு செய்து கேட்டார்.

அந்தப் பெண்கள் அதிகம் பேசவே இல்லை. பிரச்சினை ஒரே ஒரு சொல்லில் இருந்தது. கிரேவி.

இறைச்சி வாங்குபவரிடம் மேலே கிரேவி ஊற்றட்டுமா என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயப் பெண்கள் கடைசியில் குரலை உயர்த்தி, "கிரேவி?" என்பார்கள். அவர்கள் காதுக்கு அது 'வேண்டுமா?' நம் பெண்கள் குரலைக் கீழே இறக்கி, "கிரேவி" என்று முடித்தார்கள். அது ஆங்கிலேயர் காதுக்கு, 'இது கிரேவி. வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ' என்று கேட்டது. நம் பெண்களின் வழக்கப்படி அதுதான் சாதாரணமாகக் கேட்கும் முறை. அவர்களும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். மரியாதை புறப்பட்டது, போய்ச் சேரவில்லை.

பதிவைப் போட்டுக் காட்டியபோது முதலில் அந்தப் பெண்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. "இரண்டு பேரும் ஒன்றைத்தானே சொல்கிறோம்?" என்றார்கள். பிறகு இரு தரப்பாரும் உட்கார்ந்து கேட்டுப் பேசினார்கள். தங்களை ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று பெண்களுக்குப் புரிந்தது. அவர்கள் திமிராக இருக்கவில்லை என்று மேற்பார்வையாளர்களுக்கும் புரிந்தது. அதன் பிறகு நிலைமை நன்றாகத் தேறியது என்று கம்பர்ஸ் எழுதியிருக்கிறார். வெள்ளைக்கார முதலாளிகளிடம் இனவெறியே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் இந்த இடத்தில், ஒரு சொல்லின் கடைசியில் இறங்கிய குரல் இத்தனை பேரின் பிழைப்பில் கை வைத்தது.

1983-ல் ஜென்னி தாமஸ் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாக்கினார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இலக்கணத்தில் தப்பு செய்பவரை, "பாவம், மொழி தெரியல" என்று விட்டுவிடுகிறோம். பேசும் முறையில் தப்பு செய்பவரை, "ஆள் சரியில்லை" என்று தீர்மானித்துவிடுகிறோம். முதல் தப்பு மொழிக் கணக்கில் பற்று. இரண்டாவது தப்பு ஆளின் குணக் கணக்கில் பற்று. அதிலும், ஓரளவு சரளமாகப் பேசுபவருக்குத்தான் ஆபத்து அதிகம். திக்கித் திணறிப் பேசுபவரை மன்னிக்கிறோம். நன்றாகப் பேசுகிறவர், தெரிந்தே சொல்கிறார் என்று நினைக்கிறோம்.

இனி நம் வாசலுக்கு வருவோம்.

இரவுப் பணியில் இருக்கும் செக்யூரிட்டி தம்பி பீகாரிலிருந்து வந்தவர். அவரைப் பற்றி நம் புகார்ப் புத்தகத்தில் மூன்று குறிப்புகள் இருக்கின்றன. மூன்றிலும் ஒரே விஷயம்: மரியாதை இல்லாமல் பேசுகிறார். ஒரு பெரியவரைப் பார்த்து, "நில்லு, பேரு சொல்லு" என்றாராம். ஆளை மாற்றச் சொல்லி ஏஜென்சிக்கு எழுதலாமா என்பது அடுத்த செயற்குழுவில் வருகிறது. அவரைப் பற்றி இங்கே பேசலாமா என்று அவரிடமே கேட்டேன். சம்மதித்த பிறகுதான் பேசுகிறேன்.

அவர் தமிழ் எங்கே கற்றார்? வகுப்பில் இல்லை, புத்தகத்தில் இல்லை. இந்த வாசலில் கற்றார். ஒரு நாள் மாலை அவர் பணிக்கு வந்த நேரத்தில், பேப்பர் படித்தபடி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, அவரிடம் யார் என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். "கேட்டைத் தொற." "இந்தப் பார்சலை எடுத்து வை." "தண்ணி லாரி வந்துச்சா பாரு." "அந்த வண்டியைத் தள்ளச் சொல்லு." "இங்க வா." எல்லாம் நாம் சொன்னவை. கோபமாகச் சொல்லவில்லை. பலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். "அண்ணா, கொஞ்சம் தொறங்க" என்று சொன்னவர்கள் வேலை முடித்துக் கிளம்பும் வீட்டு வேலைக்கார அம்மாக்கள்தான்.

தமிழில் வினைச்சொல் என்றால் அது தொற, வை, பாரு, சொல்லு, வா என்றுதான் முடியும் என்று அவர் கற்றுக்கொண்டார். நாம் சொல்லிக் கொடுத்ததை நம்மிடமே திருப்பிச் சொன்னார். போட்ட டெபாசிட்தான் திரும்பி வருகிறது.

இந்தியில் அவருக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? நன்றாகத் தெரியும். 'தூ' வேறு, 'தும்' வேறு, 'ஆப்' வேறு. பெரியவர்களிடம் 'ஆயியே, பைட்டியே' என்றுதான் சொல்கிறார். மரியாதை அவரிடம் இருக்கிறது. அதைத் தமிழில் எங்கே ஒட்டுவது என்றுதான் தெரியவில்லை. 'ங்க' என்ற இரண்டெழுத்து அவர் காதில் போதுமான அளவு விழவில்லை. இதே தப்பை எதிர்த்திசையில் நம்மவர்களும் செய்கிறார்கள். சினிமாப் பாட்டில் கற்ற இந்தியில், பி பிளாக்கில் இருக்கும் வடநாட்டு மாமியிடம் 'தும்' போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. அந்த அம்மா புகார் எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு மொழியும் மரியாதையை ஒவ்வொரு இடத்தில் வைத்திருக்கிறது. தமிழில் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'கொஞ்சம்' என்ற சொல்லிலும், 'குடுங்களேன்' என்ற நீட்டலிலும் இருக்கிறது. 'தயவுசெய்து' என்பது போர்டில் எழுதும் சொல். வீட்டில் யாரும் தயவுசெய்து சாம்பார் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு வால் கிடையாது. அங்கே 'ப்ளீஸ்', 'குட் யூ' என்று தனிச் சொற்களாக வெளியே நிற்கிறது. "தண்ணி குடுங்க" என்பதை அப்படியே, "கிவ் மீ வாட்டர்" என்று ஆக்கினால் 'ங்க' வழியில் விழுந்துவிடுகிறது, அதட்டல் மட்டும் போய்ச் சேருகிறது. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க் கடைக்காரர் முறைத்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

தமிழ் கற்க வந்திருக்கும் குடும்பங்களுக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். அகராதியில் இவை கிடைக்காது.

சங்க அலுவலகத்தில் ஏதாவது கேட்கிறீர்கள். "பார்க்கலாம் சார்" என்கிறார்கள். பெரும்பாலும் அது முடியாது என்பதன் நாகரிக வடிவம். அடுத்த நாள் போய், "பார்த்தீர்களா?" என்று நிற்காதீர்கள். போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, "அப்புறம்..." என்று இழுத்தால் இன்னொரு கதை சொல்லத் தொடங்க வேண்டாம். அநேகமாக அவர் போனை வைக்க வழி தேடுகிறார். "சாப்டீங்களா?" என்பது பெரும்பாலும் நலம் விசாரிப்பு. சாப்பிடவில்லை என்று சொன்னால் எங்கள் வீட்டில் இலை போட்டுவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது, "போறேன்" என்று சொல்லக்கூடாது. "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். சரி, மனப்பாடம் செய்துவிட்டீர்கள். ஆனால் துக்க வீட்டில் அதையே சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவதுதான் முறை. ஒரு வீட்டில் கட்டாயமான வாக்கியம் இன்னொரு வீட்டில் ஆகாத வாக்கியம். ஹைம்ஸ் சொன்ன 'எப்போது பேசக்கூடாது' என்பது இதுதான்.

சிலர் கேட்கலாம்: "இருபது வயதுப் பையனை 'வாங்க, போங்க' என்று கூப்பிட வேண்டுமா?" கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். சின்னவரையும், "வாங்க தம்பி" என்பார்கள். ஒன்றும் குறைந்துவிடுவதில்லை.

அந்தக் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில்தான் ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியலாளர் தங்கி ஆய்வு செய்தார். அவரும் பெனலோப் பிரவுனும் சேர்ந்து மரியாதைப் பேச்சைப் பற்றி எழுதிய ஆய்வு 1978-ல் வந்து, 1987-ல் தனி நூலானது. உலகெங்கும் படிக்கப்படும் அந்த நூல் முக்கியமாக மூன்று மொழிகளை எடுத்துக்கொண்டது. ஆங்கிலம், மெக்சிகோவின் பழங்குடி மொழி ஒன்று, நம் தமிழ். எல்லா மனிதருக்கும் ஒரு 'முகம்' இருக்கிறது, அது அடிபடாமல் பேசுவதே மரியாதை என்பது அதன் அடிப்படை. நமக்கு இது புதிதா? 'முகம் கொடுத்துப் பேசு' என்கிறோம். 'முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டான்' என்கிறோம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் பார்த்தது. அந்தக் கிராமத்தில் யார் யாரை 'நீங்க' என்கிறார், யார் யாரை 'நீ' என்கிறார் என்பதில் சாதிக்குப் பெரிய பங்கு இருந்தது. கீழே என்று வைக்கப்பட்டவர் 'ங்க' போட்டே ஆக வேண்டும். அவருக்கு அது திரும்பி வராது. இரண்டெழுத்துதான், ஆனால் அதை யாருக்குக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறோம் என்பதில் ஒரு சமூகமே தெரிகிறது. நம் வாசலிலும் கொஞ்சம் தெரிகிறது என்பது என் தாழ்மையான கருத்து.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நான்கு யோசனைகள்.

ஒன்று. வகுப்பில் எந்த வாக்கியத்தையும் தனியாகச் சொல்லித் தர வேண்டாம். யார், யாரிடம், எங்கே சொல்கிறார் என்பதோடு சேர்த்துச் சொல்லித் தருவோம். 'நில்லு' சொல்லும்போதே 'நில்லுங்க', 'கொஞ்சம் நில்லுங்களேன்' மூன்றையும் சொல்லி, எது யாருக்கு என்று காட்டுவோம். லிஃப்ட், மருந்துக்கடை, வாசல், ஆஸ்பத்திரி வரவேற்பு என்று சின்னச் சின்னக் காட்சிகளாக நடித்துப் பார்ப்போம்.

இரண்டு. அந்த விமான நிலையத்தில் செய்த மாதிரி, செல்போனில் பதிவு செய்து எல்லோரும் சேர்ந்து கேட்போம். நம் குரல் அடுத்தவர் காதில் எப்படி விழுகிறது என்பது நமக்குத் தெரிவதே இல்லை.

மூன்று. தமிழ் தெரிந்தவர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். வாசலில் இருப்பவரிடம், குப்பை எடுக்க வருபவரிடம், கூரியர் பையனிடம் 'ங்க' சேர்த்துப் பேசுங்கள். அவர் "நில்லு" என்றால் முறைக்காமல், "நில்லுங்கன்னு சொல்லுங்க தம்பி" என்று ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். இரண்டு விநாடி வேலை. நாம்தான் அவருடைய பாடப்புத்தகம். குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்களும் நம்மைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

நான்கு. இது செயற்குழுவுக்கு. புகார்ப் புத்தகத்தில் இன்னொரு பத்தி சேருங்கள்: 'அவர் சொன்ன சொற்கள் என்ன?' வவுச்சர் இல்லாமல் பற்று எழுதக்கூடாது என்பது நாங்கள் பழகிய பாடம். 'மரியாதை இல்லாமல் பேசினார்' என்பது நம் முடிவு, ஆதாரம் இல்லை. சொற்களை எழுதினால், அது சொல்லிக் கொடுத்துத் திருத்தக்கூடிய பிழையா, உண்மையிலேயே திமிரா என்று குழு பார்த்துவிடலாம். திமிரும் உலகத்தில் உண்டு. வேண்டுமென்றே அவமதிக்கிறவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு விகுதி தெரியாததற்காக ஒருவர் வேலையை இழக்கக்கூடாது, அதுவும் அந்த விகுதியை நாமே அவருக்குக் கொடுக்காமல் இருந்திருக்கும்போது. அந்த மூன்று குறிப்புகள் மீதான முடிவை இந்த வகுப்பு ஒரு காலாண்டு நடந்து முடியும்வரை தள்ளிவைக்கக் கேட்டு, செயலாளரிடம் இன்று கடிதம் கொடுத்திருக்கிறேன். அதில் உடன்பாடு உள்ளவர்கள் கீழே கையெழுத்திடலாம். கடிதம் டீ மேசையில் இருக்கிறது.

வகுப்பு ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு. பணி நேரம் காரணமாக வர முடியாத காவலர்களுக்குப் புதன் மாலை தனியாக அரை மணி நேரம் நடத்த ஆசிரியை அம்மா இசைந்திருக்கிறார். அந்த அரை மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் தேவை. ஒருவர் நான். இன்னொருவர் பெயர் கொடுங்கள்.

அப்புறம்...

சரி, புரிந்துவிட்டது. டீ ஆறுகிறது. வாங்க.